கேட்டுச் செய்தலும், செய்துவிட்டுக் கேட்டலும்

ஒருவரைக் கேட்டுக்கொண்டு ஒரு காரியத்தைச் செய்வது ஒன்று. காரியத்தை முடிவு செய்துவிட்டு அவரைக் கேட்பது வேறொன்று. முகூர்த்தம் குறித்து, பத்திரிகை அச்சிட்டு, பந்தற்காலும் நாட்டிய பின்னர்ப் பெண்ணிடம் சென்று, "உனக்குச் சம்மதந்தானா?" என்று வினவும் தகப்பனார், தாம் கேட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம்; ஊரார் அதை ஒப்பமாட்டார்கள். நமது தேசத்தில் ரெயில் பாதை, துறைமுகம், நெடுஞ்சாலை முதலிய பெருந் திட்டங்களைப் பற்றி ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கப்படும் முறை பெரும்பாலும் இத்தகையதாகவே இருந்து வருகிறது. இம்முறை மாறவேண்டும், மாற்றுவதற்கு வேண்டிய பாடமும் வெகு தூரத்தில் இல்லை, பழவேற்காட்டு ஏரிக்கரையிலேயே இருக்கிறது என்பது நமது கருத்து.

பொன்னேரி ரெயில் நிலையத்தில் இறங்கிப் பழவேற்காட்டுக்குப் பஸ்ஸில் செல்வோர் வழியில் திருப்பாலைவனத்தைக் கடந்து செல்வார்கள். பழமையான சிவாலயம் ஒன்றும், சுற்றிலும் வயல்களும் உடைய ஊர் அது. அதற்குக் கிழக்கே சிறிது தூரம் சென்றால் வயல் மறைந்து உவர்நிலமும், அப்பால் ஏரியும் தோன்றுகின்றன. ஏரி மீனும் கடல் மீனும் கூடைகளில் ஏறிச் சென்னைக்குப் போவதும், சென்னையின் செய்திகள் குப்பங்களுக்கு வருவதும் இச்சாலை வழியாகத்தான். சில தினங்களுக்கு முன் நாம் அவ்வூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, வயது முதிர்ந்த மீனவர் ஒருவர் நாம் பத்திரிகைக்காரர் என்பதை அறிந்து, "எங்களையும் கேட்பார்கள் என்கிறார்களே, ஐயா, நாங்கள் வேண்டாமென்று சொன்னால் விட்டுவிடுவார்களா?" என்று வினவினார். நியாயஸ்தலங்களில் பல வருஷம் நின்று பழகிய நமக்கு அக்கேள்விக்கு உடனே விடை கூறத் தெரியவில்லை. அவ்விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் சொல்வது

பெருந் திட்டங்களைப் பற்றிப் பொதுஜனங்களைக் கேட்டே தீரவேண்டும் என்ற விதி நமது தேசத்தில் ஏற்பட்டது 1997-ம் வருஷத்தில்தான். சுதந்திரம் பெற்று ஐம்பது ஆண்டுகள் கழித்தே அந்த விதி உண்டாயிற்று என்பது கவனிக்கத்தக்கது. இப்போது அமலில் இருப்பது 2006 செப்டம்பர் 14-ந் தேதி வெளியான சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிவிக்கை. அதன்படி, மாகாண மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முப்பது தினங்களுக்குக் குறையாத அவகாசம் கொடுத்துப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்யவேண்டும். திட்டம் அமையும் இடத்திலோ, அதற்கு வெகு சமீபத்திலோ கூட்டம் நடைபெறவேண்டும். ஜில்லா கலெக்டர் அல்லது அவருக்கு அடுத்த பதவியிலுள்ளவர் தலைமை வகிக்கவேண்டும். சொன்னவை யாவும் படம் பிடிக்கப்படவேண்டும். நடவடிக்கைக் குறிப்பு முடிவில் ஜனங்களுக்கு அவர்கள் பாஷையில் படித்துக் காட்டப்படவேண்டும்.

விதி இவ்வளவில் குற்றஞ் சொல்லத்தக்கதன்று. ஆனால் அதன் இடுக்குகளைப் பாருங்கள். கூட்டம் தொடங்குவதற்கு இத்தனை பேர் வந்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெறும் நாற்காலிகளை வைத்துக்கொண்டும் கூட்டத்தை நடத்திவிடலாம். பல நூறு பக்கங்கள் கொண்ட மதிப்பீட்டு அறிக்கையில், மாகாண பாஷையில் கட்டாயமாக இருக்கவேண்டியது சுருக்கம் மாத்திரமே. கடலின் நீரோட்டம், மணலின் போக்கு, மீன்களின் இனப்பெருக்கம் ஆகிய முக்கிய விஷயங்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் கிடக்கும். அவற்றைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த மீனவனுக்குச் சுருக்கம் தமிழில் கிடைக்கும். வழக்கின் சாட்சியத்தை மறைத்துவிட்டுத் தலைப்பை மட்டும் பிரதிவாதிக்குக் காட்டுவதை எந்த நீதிபதியும் அனுமதிக்கமாட்டார்.

பாஷை விஷயத்தில் மத்திய சர்க்காரின் மனப்போக்கு 2020-ம் வருஷத்தில் நன்கு வெளியாயிற்று. மேற்சொன்ன அறிவிக்கைக்குப் பதிலாகப் புதிய நகல் ஒன்றை வெளியிட்டுத் தேச மக்களின் அபிப்பிராயத்தைக் கேட்ட அவர்கள், அதை ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே வெளியிட்டார்கள். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 பாஷைகளிலும் அதை மொழிபெயர்க்குமாறு டில்லி ஹைகோர்ட் அவ்வாண்டு ஜூன் 30-ந் தேதி உத்தரவிட வேண்டியிருந்தது. கூட்டத்துக்கான முன்னறிவிப்புக் காலத்தை 30 நாட்களிலிருந்து 20 நாட்களாகக் குறைப்பது அந்நகலின் யோசனைகளில் ஒன்று. குறைக்கும் யோசனையைக் குறித்தே, படிக்க இயலாதவரிடம் அபிப்பிராயம் கேட்ட விந்தை இது!

காட்டுப்பள்ளி கற்பித்தது

பழவேற்காட்டு ஏரிக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் இடையே, கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியை மேற்கிலும் வங்கக் கடலைக் கிழக்கிலும் கொண்ட குறுகிய நிலப்பகுதியில் அமைந்தது காட்டுப்பள்ளி. அங்கே 2013-ம் வருஷத்தில் இயங்கத் தொடங்கிய துறைமுகம் 2018-ல் அதானி நிறுவனத்தின் வசமாயிற்று. அதன் பின்னர் உத்தேசிக்கப்பட்ட விஸ்தரிப்பின் அளவை நேயர்கள் கவனிக்கவேண்டும். வருஷத்துக்கு 2 கோடியே 46½ லட்சம் டன் சரக்கைக் கையாளும் துறைமுகத்தை 32 கோடி டன் கையாளும் துறைமுகமாக்குவது. சுமார் 330 ஏக்கராக உள்ள பரப்பை 6,110 ஏக்கராக்குவது. அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கரைக் கடலைத் தூர்த்தே உண்டாக்குவது. இவற்றுக்கு மதிப்பிடப்பட்ட செலவு 53,031 கோடி ரூபாய். இவ்வளவு சரக்குக்குச் சாலைகளும் ரெயில் பாதைகளும் வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இதற்காக 2021 ஜனவரி 22-ந் தேதி குறிக்கப்பட்ட பொதுஜனக் கூட்டம் கொரோனாத் தொற்றின் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டது. மீண்டும் 2023 செப்டம்பர் 5-ந் தேதி குறிக்கப்பட்டது, அதுவும் தள்ளிவைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் தேதி குறிக்கப்பட்டவுடன் குப்பங்களில் கவலை மூண்டது, ஆட்சேபங்கள் குவிந்தன. கூட்டம் நடைபெறாமற் போனது மீனவருக்கு ஜயம் என்று சிலர் சொல்லலாம். நாம் அப்படிக் கருதவில்லை. தலைக்குமேல் கத்தி தொங்கிக்கொண்டேயிருக்க, அது என்று விழும் என்பது மட்டும் அறியாதவனை ஜயித்தவன் என்று சொல்வதெப்படி?

யாரைக் கேட்பது என்பதிலும் ஒரு பெருஞ் சிக்கல் இருக்கிறது. கூட்டம் திட்டம் அமையும் இடத்தில் அல்லது அதற்குச் சமீபத்தில் நடக்கவேண்டும் என்பது விதி. சமீபம் என்பதைச் சட்டம் நிலத்தின் மேல் அளக்கிறது. கடலோ வேறு விதமாக அளக்கிறது. நமது கிழக்குக் கரையில் அலைகள் வருஷத்தின் பெரும் பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. குறுக்கே கற்சுவர் ஒன்றைக் கட்டினால் தென்புறத்தில் மணல் சேர்கிறது. வடபுறத்துக் கரை, வரவேண்டிய மணல் வராமையால் அரிக்கப்படுகிறது. இது வெறும் ஊகமன்று. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின்னர், அதன் தெற்கே மெரீனாக் கடற்கரை அகன்று விரிந்தது. வடக்கே ராயபுரத்துக் கரை கடலுக்கு இரையாயிற்று. சென்னைவாசிகள் மாலையில் காற்று வாங்கும் மணல் வெளிக்கு வடசென்னை மீனவன் கொடுத்த விலை அவன் குடியிருந்த கரை.

காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பவை யாவை? பழவேற்காட்டுக் குப்பங்களும், ஏரிக்கும் கடலுக்கும் இடையே மெல்லிய வரப்புப்போல் கிடக்கும் மணல்திட்டும், ஏரி மூச்சு விடும் முகத்துவாரமும் ஆகும். ஒரிஸாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இத்தேசத்தின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குவதால்தான் ஏரியில் இறாலும் நண்டும் மீனும் வளர்கின்றன. ஆகையால் தெற்கே போடப்படும் ஒவ்வொரு கல்லைப் பற்றியும் முதலில் கேட்கப்படவேண்டியவர்கள், அக்கல்லைக் கண்ணாலும் காணாத வடக்குக் குப்பத்தார் ஆவர்.

ரெயிலுக்கு ஏன் விலக்கு?

துறைமுகத்துக்காவது இத்தனை குறைகளுடன் கூடிய ஒரு கூட்டம் உண்டு. ரெயில் பாதைக்கு அதுவும் இல்லை. 2006-ம் வருஷத்து அறிவிக்கையின் அட்டவணையில் துறைமுகம் உண்டு, விமான நிலையம் உண்டு, நெடுஞ்சாலை உண்டு. ரெயில் பாதை என்ற பெயரே காணப்படவில்லை. நிலம் எடுப்பதற்கென 2013-ம் வருஷத்தில் இயற்றப்பட்ட சட்டம், நிலம் எடுக்குமுன் சமூக பாதிப்பை மதிப்பிட்டு ஜனங்களின் கருத்தைக் கேட்கவேண்டும் என்று கூறியது. அதன் நான்காவது அட்டவணையில் விலக்களிக்கப்பட்ட 13 சட்டங்களுள் 1989-ம் வருஷத்து ரெயில்வே சட்டமும், 1978-ம் வருஷத்து மெட்ரோ ரெயில்வே சட்டமும் இடம் பெற்றுவிட்டன. நஷ்ட ஈடு பின்னர் அவ்விலக்கிலிருந்து நீக்கப்பட்டு யாவர்க்கும் பொதுவாயிற்று. ஆனால் முன்கூட்டிக் கேட்கும் கடமை பொதுவாகவில்லை. பணம் கொடுப்போம், கேட்கமாட்டோம் என்பதே இதன் சாரம்.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர் நீளமுள்ளது. இதற்கு ஜப்பானியக் கூட்டுறவு நிறுவனமும் ஆசிய அபிவிருத்தி பாங்கியும் பிறவும் கடன் கொடுக்கின்றன. இப்பாங்கிகள், பாதிக்கப்படும் ஜனங்களைக் கலந்தாலோசிக்கவேண்டும் என்பதைத் தம் நிபந்தனைகளில் ஒன்றாக வைத்திருப்பதால் ஆலோசனைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. சொந்தக் குடிகளைக் கேட்பதற்கு மணிலாவிலும் டோக்கியோவிலும் உள்ளவர்களின் நிபந்தனை தேவைப்படுவது சுயராஜ்யம் அடைந்த ஜனங்களுக்குப் பெருமையாகுமா?

நாம் ரெயிலுக்கு விரோதிகளல்லோம். 2021 பிப்ரவரி 14-ந் தேதி மெட்ரோ ரெயில் விம்கோ நகர் வரை நீண்டபோது, வெகு காலம் புறக்கணிக்கப்பட்ட வடசென்னைக்கு நியாயம் கிடைத்ததென்றே மகிழ்ந்தோம். நகரம் இன்னும் வடக்கே வளரும். பாதைகளும் வடக்கே நீளவேண்டியிருக்கும். மீன் கூடையுடன் பொன்னேரிக்கு வந்து ரெயிலேறும் பெண்ணுக்கு ரெயிலின் அருமையை நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் பாதை உப்பங்கழியின் குறுக்கே போகவேண்டுமா, சுற்றிப் போகவேண்டுமா, கரை எழுப்பிப் போகவேண்டுமா, தூண் நாட்டிப் போகவேண்டுமா என்பதை அவளையும் அவள் ஊராரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வெள்ளம் எவ்வழி வடியும் என்பதை வரைபடத்தைவிட அவர்கள் நன்கு அறிவார்கள்.

கேரளமும் பிரான்ஸும்

ஜனங்களைக் கேட்டால் காலதாமதம் ஏற்படும், தேசாபிவிருத்தி தடைப்படும் என்பது அதிகாரிகள் வழக்கமாகக் கூறும் சமாதானம். கேளாமையால் ஏற்படும் தாமதத்தை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோடு வரை சுமார் 530 கிலோமீட்டருக்கு அதிவேக ரெயில் பாதை அமைக்கக் கேரள சர்க்கார் உத்தேசித்தார்கள். ஜனங்களிடம் பேசுமுன் அவர்கள் வீட்டு முற்றங்களில் மஞ்சள் நிற எல்லைக் கற்கள் நடப்பட்டன. பெண்கள் அக்கற்களைப் பிடுங்கி எறிந்தார்கள். போலீஸார் அவர்களை இழுத்துச் சென்றார்கள். முடிவில் 2022 மே மாதத்தில் கல் நடுவதையே சர்க்கார் நிறுத்தவேண்டி வந்தது. பாதையின் நன்மை தீமை வேறு விஷயம். முதலில் பேசியிருந்தால் மறுத்திருக்கக்கூடிய சிலர் இணங்கியும் இருக்கலாம். முதலில் கல் நட்டதால் இணங்கியிருக்கக்கூடியவர்களும் எதிரிகளானார்கள்.

பிரான்ஸ் தேசத்தார் இதே பாடத்தை முப்பது வருஷங்களுக்கு முன்னர்க் கற்றார்கள். மத்தியதரைக் கடலை நோக்கி ரோன் நதிப் பள்ளத்தாக்கின் வழியே அதிவேக ரெயில் பாதை போட முற்பட்டபோது, திராட்சைத் தோட்டக்காரர்களும் கிராமவாசிகளும் தண்டவாளங்களில் வந்து நின்றார்கள். அக்கலகத்தின் பயனாக 1992-ல் மந்திரி ஒருவரின் சுற்றறிக்கையும், 1995-ல் ஒரு சட்டமும் பிறந்தன. அச்சட்டத்தின்கீழ் ஏற்பட்ட தேசியப் பொது விவாதக் கமிஷன், பெருந் திட்டங்கள் உருவாகும் நிலையிலேயே விவாதத்தை நடத்துகிறது. எவ்வாறு செய்வது என்பதோடு, செய்யத்தான் வேண்டுமா என்ற கேள்வியையும் அங்கே எழுப்பலாம். கமிஷன் தன் சொந்த அபிப்பிராயம் எதையும் கூறுவதில்லை. விவாதத்தின் முடிவு வெளியான பின் மூன்று மாதத்துக்குள், திட்டத்தைத் தொடர்கிறோமா, மாற்றுகிறோமா, விடுகிறோமா என்பதைத் திட்டத்தார் பகிரங்கமாகச் சொல்லியாகவேண்டும். ரோன் பள்ளத்தாக்குப் பாதையும் கைவிடப்படவில்லை. 2001-ல் ரெயில் ஓடத் தொடங்கியது. கேட்டதனால் பிரான்ஸில் ரெயில் ஓடாமற் போகவில்லை.

ஏரியின் பாடு முறை

நிற்க. பிரான்ஸுக்குப் போவானேன்? பழவேற்காட்டு ஏரியிலேயே ஒரு முறை தொன்றுதொட்டு வழங்கி வருகிறது. அதற்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில், ஏரியின் எந்த இடத்தில் எவர் எந்த நாளில் சுத்துவலை கட்டி இறால் பிடிப்பது என்பதைத் தனி மனிதன் தீர்மானிப்பதில்லை; ஊர் கூடித் தீர்மானிக்கிறது. நல்ல இடமும் உண்டு, வறண்ட இடமும் உண்டு. ஆகையால் முறை வைத்து மாற்றிக்கொள்கிறார்கள். இன்று முகத்துவாரத்துக்கருகில் வலை கட்டியவன் நாளை வேறிடம் போவான். தகராறு வந்தால் தலைவர் முன்னிலையில் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். வலை ஏரியில் இறங்குவதற்கு முன்னரே பேச்சு முடிந்துவிடும் என்பதுதான் இதில் முக்கியமானது. ஆராய்ச்சியாளர்கள் பலர் வந்து இம்முறையைக் கற்று நூல்களில் எழுதிச் சென்றிருக்கிறார்கள். எழுத்தில் இல்லாத இவ்வொழுங்கைக் காத்து வந்த ஜனங்களுக்குப் பொதுக் கூட்டத்தில் பேசத் தெரியாது என்று யாரேனும் கூறினால் அது நகைப்புக்கிடமாகும்.

பாடு குறையற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வுரிமை சில ஊர்களுக்கும் சில குடும்பங்களுக்குமே பரம்பரையாக வருவது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும், ஏரியை நம்பியுள்ள பிற வகுப்பினருக்கும் அதில் பங்கில்லை. மீனை விற்றுக் குடும்பத்தை நடத்தும் பெண்கள் அச்சபையில் உட்காருவதில்லை. ஆதலால் ஊர்த் தலைவர் நால்வரை அழைத்துப் பேசிவிட்டு ஊரைக் கேட்டுவிட்டோம் என்று சர்க்கார் சொல்லிக்கொள்வதும் சரியாகாது. பாட்டின் நியாயத்தை எடுத்துக்கொண்டு, அதன் வாசலை எல்லோருக்கும் திறந்துவிடவேண்டும்.

நாம் வேண்டுவது

நாம் கேட்பவை பெரிய காரியங்களல்ல. முதலாவது, பாதையின் கோடு வரைபடத்தில் நிலைபெறுமுன், இரண்டு மூன்று மாற்று வழிகளோடு ஜனங்களிடம் வரவேண்டும். ஒரே வழியை வைத்துக்கொண்டு கேட்பது கேள்வியாகாது. இரண்டாவது, முழு அறிக்கையும் தமிழில் இருக்கவேண்டும்; கூட்டத்துக்கு வெகு நாட்கள் முன்னரே கிராம சபையில் அதைப் படித்து விளக்கவேண்டும். மூன்றாவது, கூட்டம் குப்பத்திலேயே நடைபெறவேண்டும். கடலுக்குப் போகும் வேளையிலும் மீன் விற்கும் வேளையிலும் நடைபெறலாகாது. பெண்களுக்கும் இருளருக்கும் தனித்தனியே செவிசாய்க்கவேண்டும். நான்காவது, சொல்லப்பட்ட ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் காரணத்தோடு கூடிய பதில் எழுத்து மூலம் வெளியாகவேண்டும். கடைசியாக, ரெயில் பாதைக்கு அளிக்கப்பட்டுள்ள விலக்கை நீக்கவேண்டும். மத்திய சர்க்கார் சட்டத்தைத் திருத்தும் வரையில், மாகாண சர்க்கார் தம் பங்குள்ள திட்டங்களிலேனும் இம்முறையைத் தாமே அனுசரிப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

எதிர்த் தரப்பைக் கேளாமல் தீர்ப்புக் கூறலாகாது என்பது நியாயஸ்தலத்தின் முதல் விதி. தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு கேட்பது கேளாமையிலும் கொடிது. ஏனெனில் அதில் பொய்யும் சேர்ந்திருக்கிறது. திருப்பாலைவனத்துச் சாலையில் பெரியவர் கேட்ட கேள்விக்கு இப்போது நாம் கூறக்கூடிய விடை இதுவே: வேண்டாமென்று சொன்னால் விட்டுவிடவேண்டும் என்ற கட்டாயம் இன்றைய சட்டத்தில் இல்லை; வேண்டாமென்றதற்குத் தக்க காரணம் இருக்கும்போது விட்டுவிடக்கூடிய நிலைமையிலாவது கேட்கும்படி சர்க்காரை வற்புறுத்தும் உரிமை குடிகளுக்கு உண்டு. அவ்வுரிமையை ஏரிக்கரை ஜனங்கள் மட்டுமின்றி, அவர்கள் பிடித்த மீனை உண்ணும் நகரவாசிகளும் சேர்ந்து கேட்கவேண்டும். அடுத்த பாதைக்கு முதல் கோடு இழுக்கப்படுவதற்கு முன் இக்குரல் எழும்புமாக.